சுட்டெழுத்து

வாதி கபீர் சுகாதார மையத்தில்
சிஸ்டர் பௌசியா, மலையாளம் கலந்த தமிழில்,
படிவத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்:
"ஒரு பொருள் வேணும்னு இல்ல,
உங்களுக்குக் காட்டணும்னே
பையன் எதையாவது விரல் நீட்டிக் காட்டுவானா?"

நான் ரெஜினியைப் பார்த்தேன்.
ரெஜினி சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகத்தைப் பார்த்தாள்.
பதினெட்டு மாதம். எடை சரி. உயரம் சரி.
தலைச் சுற்றளவு கோட்டுக்குள்.
பிஸ்கட் வேண்டுமென்றால்
என் மணிக்கட்டைப் பிடித்து டப்பாவின் மேல் வைப்பான்,
கிரேன் இயக்குகிறவனைப் போல.
அதைக் கெட்டிக்காரத்தனம் என்று
கம்பெனி பஸ்ஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கட்டத்தில் டிக் விழவில்லை.
"ஒண்ணும் இல்லாமலும் இருக்கும்.
மூணு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம்.
அதுவரைக்கும் போனை எடுத்து மேலே வையுங்க.
பேசுங்க. அவன் எதைப் பார்க்கிறானோ
அதைப் பார்த்துப் பேசுங்க."
கூடவே வைட்டமின் டி சொட்டு மருந்துக்குச் சீட்டு.
நாற்பத்தாறு டிகிரி காயும் ஊரில்
என் பிள்ளைக்கு வெயில் போதவில்லையாம்.

இரவில் நான் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
பகலில் ரெஜினி சலூனுக்குப் போகிறாள்.
தூக்கம் கண்ணை இழுக்கும் நேரத்தில்
பாடும் பழங்களை ஏபல் கையில் கொடுத்துவிட்டு
ஒருக்களித்துப் படுத்துவிடுவேன்.
யார் தப்பு என்று சண்டை போடக்கூட
ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைத்தது.
அதிலும் பாதியில் அவளுக்கு வண்டி வந்துவிட்டது.

பேசச் சொன்னால் என்ன பேசுவது?
எட்டு மணி நேரம் மரத்தட்டுகளோடு இருந்துவிட்டு வருபவன் நான்.
"இது வெங்காயம். உரிக்கிறேன். அப்பாவுக்குக் கண் எரியுது."
"இது தண்ணி. சுடுது. டேங்க் மொட்டைமாடியில இருக்குல்ல, அதான்."
என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது.
பக்கத்து அறை சிலெட்காரர் கதவைத் தட்டி
விருந்தாளி யாரும் வந்திருக்கிறார்களா என்றார்.

அவன் உயரத்துக்குத் தரையில் படுத்துப் பார்த்தேன்.
கட்டிலுக்கு அடியில் ஓர் ஊரே இருந்தது:
சூட்கேஸின் சக்கரங்கள், உருண்டு போன பட்டாணி,
ஒன்றரை வருடமாய்த் தேடிய என் சாக்ஸ்.
சக்கரத்தை அவன் சுற்ற, நானும் சுற்றினேன்.
ஒருமுறை என் கையைத் தள்ளிவிட்டான்.
ஒருமுறை தள்ளவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒப்பித்தது நினைவுக்கு வந்தது.
அ, இ, உ சுட்டெழுத்து.
கிட்டத்தில் இருப்பதற்கு இ. எட்டத்தில் இருப்பதற்கு அ.
நடுவில் இருப்பதற்கு உ,
பரீட்சைக்கு மட்டும் உயிரோடிருந்த எழுத்து.
சுட்டுவதற்கு எழுத்து மட்டும் போதும் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கு, வேலை உடுப்போடே,
அவனைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்குவேன்.
பனியனைக் கழற்றிப் பத்து நிமிடம் இளவெயில்.
ரூவியின் மலைகள் அப்போதுதான்
சாம்பலிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும்.
நாற்பத்தொன்றாம் நாளோ, இரண்டாம் நாளோ,
இரண்டாம் மாடி ஏசி குழாயிலிருந்து சொட்டும் நீரை
ஒரு மைனா தலையைத் திருப்பி
அலகால் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது.

ஏபலின் கை எழுந்தது.
நான்கு விரல் மடங்க, ஒன்று நீண்டது.
"அ."
பிறகு திரும்பி
நான் பார்க்கிறேனா என்று
என் முகத்தைப் பார்த்தான்.

மைனா பறந்துபோனது.
விரல் அங்கேயே இருந்தது,
சொட்டும் நீரைக் காட்டிக்கொண்டு.

போனில் சொன்னபோது ரெஜினி
பின்னால் ஓடிய ஹேர் டிரையரை அணைக்கச் சொன்னாள்.
"வீடியோ எடுத்தீங்களா?"
"இல்ல," என்றேன்.
"போன் மேலே இருந்துச்சு.
நான் பார்த்துக்கிட்டிருந்தேன்."