வியாகுலம்மாளுக்கு அளவு

மார்பு நாற்பத்து நாலு.
இடுப்பென்று தனியாக ஒன்றும் இல்லை,
மேலிருந்து கீழ்வரை ஒரே கனம்.
முழங்கையிலிருந்து விரல் நுனி பத்தொன்பது.
கையைத் தூக்குங்கள் என்றால்
தூரத்துப் படகுக்குச் சைகை காட்டுவதுபோல்
தூக்குகிறார் தொபியாஸ்.

தடைக்காலம். விசைப்படகுகள் குந்துகாலில் சும்மா கிடக்கின்றன.
அந்தோணியார் திருவிழாவுக்கு நாடகம்.
வட்டிக்கு விடும் வியாகுலம்மாள்
பன்னிரண்டு வருடமாக இவர்தான்.
இதுவரை மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆடினாராம்.
"ஆனா சிரிப்பு வரலை, ரெஜினாள்.
குடிச்சிட்டு வழி தவறி
ஏதோ கொடியில கெடந்ததைக் கட்டிட்டு வந்தவன் மாதிரி இருக்கு."

முதலில் அழகாகத் தைத்துத் தொலைத்தேன்.
பிரின்சஸ் கட், பஃப் கை, கழுத்தில் பைப்பிங்.
போட்டுக்கொண்டு வந்து நின்றார்.
அக்கா மகள் நிமிர்ந்து பார்த்து
"வாங்க பெரியம்மா" என்றாள்.
சிரிக்கவே இல்லை.

அன்று ராத்திரியே பிரித்தேன்.

மீசை இருக்கட்டும்.
ரவிக்கை மீசையைப் பார்த்து மிரள வேண்டும்.
கயிறு அறுத்த தழும்பு தெரிகிற அளவுக்குக் கை குட்டை.
பதினேழு வருடமாகப்
பெண்களுக்கு எதை மறைப்பது என்றே தைத்திருக்கிறேன்.
ஓர் ஆணை மறைக்காமல் தைக்க
இப்போதுதான் கத்தரி பிடிக்கிறேன்.

மார்புக்கு வலை மிதவை இரண்டு.
ஒன்று சிறிது, ஒன்று பெரிது.
சமமாகச் சீவட்டுமா என்றேன்.
"வேண்டாம், இது அசல்" என்று சின்னதைத் தொட்டார்.
"இது வட்டி."
பின்பக்கத்துக்கு
கடலில் யாரும் போடாத உயிர்காப்புச் சட்டையை
இரண்டாக வெட்டிக்கொண்டேன்.

மேடை கடற்கரையில். கச்சான் காற்றில் பாவாடை தூக்குமே?
"தூக்கட்டும். ஆனா எப்பன்னு நான் சொல்லணும்,
காத்து சொல்லக்கூடாது."
ஓரம் மடித்து வலையின் ஈயக்குண்டு அறுபது வைத்தேன்.
மூன்று ஊசி முறிந்தது.
ஒத்திகையில் நடந்தார்,
பலகையில் டக டக டக.
கதை எழுதிய கோயில்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்:
"இந்தச் சத்தம் கேட்டதும்
கடன்காரன் எல்லாம் மேடைக்கு அடியில பூந்துடணும்!"

கடைசியாகக் கேட்டார்,
"ஒரு பை வை."
பாவாடைக்கா?
"வட்டிக்காரிக்குப் பை இல்லாம?"
கோதுமை மாவுச் சாக்கில் வைத்தேன்,
முழங்கை வரை போகும்.

திருவிழா ராத்திரி அந்தப் பையிலிருந்து
ரேஷன் கார்டு வந்தது.
காதறுந்த கம்மல், செல்போன் சார்ஜர்,
முழுசாக ஒரு சீலாக் கருவாடு.
யார் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளோ ஒன்று.
கோயில் மணியின் நாக்கு வந்தபோது
சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.
ஆண்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.
முன்வரிசைப் பெண்களும் சிரித்தார்கள்தான்,
ஆனால் கை வெளியே வரும்போது அல்ல,
பை அந்தக் கையை
அத்தனை ஆழம் உள்ளே விடும்போது.
செவ்வாய்க்கிழமைதோறும் குழுக்கடன் வாங்க வருகிற தம்பி
பின்னால் பைக்கில் சாய்ந்து கைதட்டினான்.

திங்கள் காலை கடை திறக்கவில்லை,
எட்டுப் பேர் பாவாடையோடு நிற்கிறார்கள்.
வலது பக்கமா இடதா?
சிப் வேண்டுமா, பட்டனா?
நண்டுக் கம்பெனிக்குப் போகிறவள் இரண்டு பக்கமும் கேட்டாள்.
மீன் விற்கிற பேத்ரிசியாள்
"சில்லறைக்கு ஒண்ணு, நோட்டுக்கு ஒண்ணு,
அழுறதுக்குக் கைக்குட்டை வைக்க ஒண்ணு" என்று சொல்லி
அவளே சிரித்துக்கொண்டாள்.

கடைசியில் நின்றவள் பிரகாசி,
தொபியாஸின் மனைவி.
"என் சேலை தப்பிச்சிருச்சு. ரொம்ப நன்றி" என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஆழமா வேணும்.
அவரு கை எட்டக்கூடாது."

நோட்டைப் புரட்டினேன்.
பத்தொன்பது.

இருபத்தொன்று வைத்தேன்.