மஞ்சள் செவ்வகம்

முதலில் வழுக்கியது கம்பளம்தான், நறுமுகை அல்ல.
சன்னலில் பள்ளிப் பேருந்தைக் கண்டு
அவள் ஓடினாள்.
அவளுக்கு முன்னே கம்பளம் ஓடிற்று.
முழங்கை வீங்கி மூன்று நாள்
இடக்கையால் தோசை பிய்த்தாள்.

எட்மண்டனில் ஜனவரி. மில்வுட்ஸ் தெருவில்
விட்ட மூச்சு
திரும்பி வந்து இமையில் உறையும்.
வெறுங்காலுக்கு ஒரு கம்பளம்
ஆடம்பரமில்லை.
கீழே தரையோ மரம்போல் ஒரு வினைல்:
நான்கு பலகைக்கு ஒருமுறை
அதே கணு, அதே ரேகை,
ஒற்றை மரத்தையே திரும்பத் திரும்ப
அச்சடித்த காடு.

பதினொரு டாலருக்கு ரப்பர் அடிவிரிப்பு வாங்கினேன்.
வலைபோல் ஓட்டைகள்.
பிரித்ததும் கூடம் முழுக்கப்
பஞ்சர் கடை வாசம்.
விரித்தேன். கவ்விக்கொண்டது.
"என்னா பிடி பாத்தியா!" என்று
இசக்கியப்பன் அதன்மேல்
ஒற்றைக் காலில் நின்று காட்டினார்.
எனக்கும் பெருமைதான்.

ஒன்றரை வருடம்.
சாம்பார் கொட்டிய ஒரு ஞாயிறு
கம்பளத்தைச் சுருட்டினேன்.
அடியில்
ஐந்தடிக்கு ஏழடி
மஞ்சள்.

சமையல் சோடா. வினிகர். எலுமிச்சை மூடி.
நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஒரு துளி வைத்துப்
பயந்து, உடனே ஒற்றி எடுத்தேன்.
மஞ்சள் அசையவில்லை.
அந்த ரப்பரைவிட நல்ல பிடி.

தரைக் கடையில் ரோடெல் என்றொருவர்,
சட்டைப் பையில் அளவு நாடா.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இது மேலே இல்லை, உள்ளே இருக்கிறது.
ரப்பர் வேர்க்கும். வினைல் குடிக்கும்.
தேய்த்தால் உங்கள் தோள்தான் தேயும்."

பிறகு ஒரு கல்யாணத் தரகரைப்போலப்
பொருத்தம் பார்க்கத் தொடங்கினார்.
ரப்பர் முதுகு, ஆகாது.
லேடெக்ஸ் தடவியது, ஆகாது.
நுரை, மெத்தென்றிருக்கும், நம்பாதீர்கள்.
ஒட்டுநாடாவா? கையெடுத்துக் கும்பிட்டார்.
"இயற்கை ரப்பர் என்று போட்டிருக்கிறதே" என்றேன்.
"எந்தத் தரைக்கு என்றும் போட்டிருக்கிறதா?"
திருப்பிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

கடைசியில் ஃபெல்ட். சாம்பல் நிறம்,
அழுத்தி அழுத்திக் கனமாக்கியது, வாசமே இல்லை.
"இது ஒட்டாது. கனத்தால் கிடக்கும்.
கம்பளத்தைவிட நாலு பக்கமும்
ஓர் அங்குலம் குறைத்து வெட்டுங்கள்.
சோபாவின் முன்கால் இரண்டையும்
மேலே தூக்கி வையுங்கள்."
நாற்பத்தாறு டாலர்.
முன்னே போன பதினொன்றையும் சேர்த்தால்
ஐம்பத்தேழு.

மேல்மாடியில் வீட்டுக்காரர் தில்லன்.
அவரிடம் எங்கள் முன்பணம் ஆயிரத்து நானூறு.
"புதுசைப் போட்டு மூடிரு,
போகும்போது பாத்துக்கலாம்" என்றார் இசக்கியப்பன்.
மூடினேன்.
பாதுகாப்பான ஃபெல்ட்,
ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தைப்
பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது.
இரண்டு இரவு அதைச் சுற்றியே நடந்தேன்,
ஏதோ ஈரம்போல.

மூன்றாம் நாள் படம் அனுப்பினேன்.
காலுறையோடு இறங்கி வந்தார்.
கம்பளத்தின் முனையை அவரே மடித்தார்.
குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.
ஃபர்னஸ் ஒருமுறை இரைந்து அடங்கிற்று.

"எங்கள் வீட்டில் வட்டம்" என்றார்.
"சாப்பாட்டு மேசைக்கு அடியில்.
என் மனைவிக்கு இன்னும் தெரியாது."

முன்பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
தேநீர் குடித்தார்,
ஃபெல்ட் வாங்கிய கடையின் பெயரைக்
கையில் எழுதிக்கொண்டு போனார்.

ரோடெல் சொன்னதில் ஒன்று மிச்சமிருந்தது:
எதையும் முதலில் மூலையில் வைத்துப் பாருங்கள்.
அலமாரிக்குள், அரிசி மூட்டைக்கு அடியில்
உள்ளங்கையளவு ஃபெல்ட் துண்டு கிடக்கிறது.
சனிக்கிழமைதோறும் நறுமுகை
டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறாள்.
மூட்டை நகரும் சத்தம்.
பிறகு குரல் மட்டும் வருகிறது:

"இன்னும் தரையாத்தாம்மா இருக்கு."