சும்மாத் தட்டு

மஞ்சூருக்கு மேலே சீகை மரங்களை வெட்டிய சரிவில்
மண் சிவந்து கிடந்தது
தோலுரிந்த முழங்கால் போல.
மழை பெய்தும் வாசனை வரவில்லை.
முதல் வருடம் நட்ட நாவலும் காட்டுப்பூவரசும்
நாலு இலையோடு நின்றுவிட்டன.
சாகவுமில்லை.

அதனால் பாக்டீரியா.
சோலைக்குள் ஒரு கிழட்டு நாவலின்
வேரோரம் சுரண்டிய மண்ணைப்
பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று
தண்ணீரில் கரைத்துக்கொண்டே போனால்
கடைசியில் கண்ணாடித் தட்டில்
பாலாடைப் புள்ளிகளாக எழும்பும்.
எண்ணுவது என் வேலை.
இருநூற்றுப் பதினான்கு. நூற்றெண்பது.
அதிகம் வளர்ந்ததற்கு எம்-ஏழு என்று பெயர் வைத்தோம்.

ஜனவரியில் மின்சாரம் போன இரவு
வெளியே புல் வெள்ளையாக விறைத்தது.
எம்-ஏழுக்கு இருபத்தெட்டு டிகிரி வேண்டும்.
குடுவையை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு
விடியும்வரை மல்லாந்தே கிடந்தேன்.
காலையில் போஜன் சார் கேட்டார்:
"புரண்டு படுக்கலையே?"
அக்கறைதான். என்மேல் அல்ல.

நாற்பது தட்டு.
இருபதில் எம்-ஏழு, இருபதில் வெறும் மண்.
வெறும் மண்ணை நாங்கள் கண்ட்ரோல் என்போம்,
செபமாலை அதைச் சும்மாத் தட்டு என்பாள்.
தண்ணீர் ஊற்றுவது அவள்.
தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம்
கிலோக் கணக்குக்குக் குனிந்தவள்,
எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவாள்.

ஜூனில் அளந்தோம்.
எம்-ஏழில் பதினேழு சென்டிமீட்டர்.
சும்மாத் தட்டில் பதினாறரை.
வேரைக் கழுவினால் இரண்டிலும் அதே வெண்மயிர் அடர்த்தி.
போஜன் சார் ஸ்கேலைத் திருப்பிப் போட்டு
மறுபடி அளந்தார்.
பிறகு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

செபமாலைதான் சொன்னாள், வாளியைக் கவிழ்த்தபடி:
"அந்தத் தட்டுல ஒரு கிள்ளு எடுத்து
இந்தத் தட்டுல போட்டேன், அவ்வளவுதான்.
ஒரே பந்தியில பாதிப் பேருக்கு மட்டும் இலை போட்டா
பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா மிஸ்?"

பதிவேட்டில் 'மாசுபட்டது' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'பாசனத்தின்போது' என்று முடித்தேன்.

எண்ணூறு நாற்றும் ஜீப்பில் நாலு நடை ஏறின.
எது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று
இனி யாருக்கும் தெரியாது.
அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்,
தண்ணீர் ஊற்ற வேறு ஆள் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

மூடுபனி ஏறுவதற்குள் குழி எடுத்தாக வேண்டும்.
செபமாலை ஒரு நாற்றை
வேர்மண்ணோடு உள்ளங்கையில் தூக்கி
எடை பார்த்தாள்.
கீழே வைத்துவிட்டு
அடுத்ததை எடுத்தாள்.