மீனுக்குக் கூலி

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று றீல்.
இரண்டுக்கு நட்சத்திரச் சக்கரம்,
ஒன்றுக்கு லீவர்.
லீவரின் விலையைக் கஜமுகன் சொன்னபோது
போன மாதம் இஞ்சினுக்குப் போட்ட பிஸ்டன்
மலிவாகத் தெரிந்தது.

"நட்சத்திரம் காணும் அண்ணை.
அறக்குளாவுக்கு அது தாராளம்."

வலது கையைக் கண்ணாடியின் மேல் வைத்தேன்.
பெருவிரல். சுட்டுவிரல்.
அதற்குப் பிறகு வெறும் விளிம்பு.
எப்ப, எங்க எண்டு அவன் கேட்கவில்லை.
முல்லைத்தீவில் கடை போடுகிறவனுக்கு
கேட்காமலிருப்பதும் ஒரு முதல்.

எட்டு வருசம் கைத்தூண்டல்.
தங்கூசி ஓடிய தடங்கள் சுட்டுவிரலில்
ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன.
இருக்கிற இரண்டையும் கடலுக்குக் கொடுக்க
எனக்கு விருப்பமில்லை.
நட்சத்திரத்தைத் திருக
மூன்று விரலாவது ஒத்துவர வேண்டும்.
லீவருக்குப் பெருவிரல் போதும்:
பின்னால் தள்ளினால் நூல் தன்பாட்டில் போகும்,
நடுவில் நிறுத்தினால் மீன் கொளுவுகிற இறுக்கம்,
முட்டத் தள்ளுவது
வேறு வழியில்லாத நேரத்துக்கு.

"பார்க்காமல் எடுக்கமாட்டன்."

சீனி மூட்டை தூக்குகிற கொழுக்கித் தராசு வந்தது.
பதினெட்டுக் கிலோவில் அறுகிற நூல்.
மூன்றிலொன்று, ஆறு.
ஆறில் நழுவத் தொடங்கட்டும்.
குமிழைத் திருகி இழுத்தோம், நாலரை.
இன்னும் கொஞ்சம், ஏழு.
கொஞ்சம் குறைக்க, ஆறேகால்,
அதில் வந்த கால் எங்கே ஒளிந்ததென்று
அவன் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.
கடைசியில் ஆறு.

ஆனால் தராசு மீனில்லை.
அது கோபித்துக்கொண்டு திரும்பி ஓடாது.

"நான் ஓடுறன்" எண்டான் அபிசன்,
பெட்டி அடுக்குகிற பெடியன், பதினாறு வயதிருக்கும்.
நுனியை ஒரு தடியில் சுற்றிப் பிடித்தான்.
வாசலைத் தாண்டினான், சூரை மாதிரி.
மதகடியில் சட்டென்று குந்தி
வரமாட்டன் என்று கிடந்தான், கலவாய்.
நான் சுற்றினேன். அவன் வழுக்கி வழுக்கி வந்தான்.
சுருளி கிர்ரென்றது.
எதிர்க் கடைக்காரர்கள் சாமான் விற்பதை விட்டார்கள்.

பிறகு அந்த விசரன்
றோட்டைக் கடந்து அந்தப் பக்கம் ஓடினான்.

முள்ளியவளைப் பக்கமிருந்து
ஒரு மோட்டார் சைக்கிள்.
மனிசன், பின்னால் மனிசி,
தாங்கியின் மேல் சிவப்புத் தொப்பி போட்ட குழந்தை.
நூல் றோட்டுக்குக் குறுக்கே,
தொப்பியின் உயரத்தில்,
வெயிலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்.

நான் யோசித்ததாக ஞாபகமில்லை.
பெருவிரல் பின்னால் போனது.
நூல் தாரில் விழுந்தது.
சில்லு இரண்டும் அதன்மேல் ஏறிப் போயின.
குழந்தை எங்களுக்குக் கை காட்டியது.

பெருவிரலை முன்னால் கொண்டுவந்தேன்.
அந்தப் பக்கம் அபிசன் ஒருதரம் குலுங்கி
"ஐயோ" எண்டான்.
கஜமுகன் ஓடிப்போய் அவன் நுனியில்
தராசைக் கொளுவி இழுத்து
அங்கிருந்தே கத்தினான்:
"அதே ஆறு!"

நட்சத்திரத்தைத் தளர்த்தினால்
எங்கே இருந்ததென்று பிறகு தேடவேண்டும்.
தேடினது காணும் எனக்கு.

பாதி இப்ப, பாதி சோளகம் முடிய.
கொப்பியில் என் பெயரை எழுதிக்கொண்டே சொன்னான்:
நல்ல தண்ணியில் கழுவு, பீச்சி அடிக்காதே.
வைக்கும்போது லீவரைப் பின்னால் விட்டு வை,
இறுகியபடி படுத்தால் உள்ளே தட்டு கெட்டுப்போகும்.
அதை எனக்கா சொன்னான், றீலுக்கா,
தலை நிமிராமல்தான் எழுதினான்.

வாசலில் அபிசன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.
"மீனுக்குக் கூலி."
நூறு ரூபாய் கொடுத்தேன்.
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.
"அறுத்துக்கொண்டு போயிருப்பன் அண்ணை,
புது நூல் எண்டு பாவம் பாத்தனான்."