தவணை

திங்கட்கிழமை அதைப்
பாவாடை நாடாவென்று நினைத்தேன்.
இடது விலாவில் யாரோ
ஒற்றை இழை நெருப்பை இறுக்கிக் கட்டியதுபோல.
தளர்த்தினேன், போகவில்லை.
அன்று புதுக்கடை நீதிமன்றில் ஏழு வழக்கு.
ஏழு பேரின் நோவையும்
தமிழில் வாங்கிச் சிங்களத்தில் வைத்தேன்,
ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
கதிரையில் சாய்ந்தபோது மட்டும்
சேலை உரசி உயிர் போய் வந்தது.

புதன் இரவு கண்ணாடியில் பார்த்தால்
முதுகெலும்பில் தொடங்கி முன்னால் வரை
பாதி ஒட்டியாணம்.
சிவந்த தோலில் நீர் கோத்த மணிகள்.
வலப்பக்கம் ஒரு புள்ளி இல்லை.

மேல்மாடி இரத்தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.
"அக்கியடி. சுத்தி வந்து தலையும் வாலும் முட்டினா
ஆள் தப்பாது."
காவி குழைத்துச் சிங்கம் எழுத
கொட்டாஞ்சேனையில் ஆள் இருக்காம்.

"முட்டாது," என்றாள் டொக்டர் சந்துனி,
வியாழன் காலை, வெள்ளவத்தையில்,
ரயில் போக மேசை நடுங்கும் அறையில்.
ஒரு நரம்பு ஓடும் வழியில்தான் அதுவும் ஓடுமாம்.
"கொஹொமத ரிதென்னெ?"
இருபத்தாறு வருட மொழிபெயர்ப்பாளர்
வாயைத் திறந்தேன்.
எரிவு. அதுவல்ல.
குத்து, உளைவு, கடுப்பு, விண்விண்.
ரிதெனவா? பிச்செனவா? தனவா?
ஒன்றும் என் விலாவுக்கு அளவாயில்லை.
அவள் என் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

சின்ன வயதில் பெபொல வந்ததா என்று கேட்டாள்.
கொப்புளிப்பான். வந்தது.
ஒன்பது வயதில், செட்டியார் தெரு மாடியில்.
கீழே ஆடிவேல் தேர் போக
யன்னலடிக்கும் விடவில்லை என்னை.
வேப்பங்குழையால் தடவிக்கொண்டே
அரோகராவைக் காதால் கும்பிட்டேன்.

தேர் போனது. காய்ச்சல் போனது. பொருக்கும் போனது.
அது போகவில்லையாம்.
நரம்பின் வேரடியில்
கட்டிவைத்த கோப்பாய்க் கிடந்ததாம்,
நாற்பத்தைந்து வருடத் தவணை.
உடம்பின் காவல் கண்ணயர்ந்த ஒரு நாள்
தன் இலக்கத்தைத் தானே கூப்பிட்டதாம்.

கொப்புளம் கண்டு மூன்று நாளுக்குள் வந்தது நல்லதாம்.
குளிசை நாளுக்கு ஐந்து, ஏழு நாள்.
காவி வேண்டாம். சொறியாதே, உடைக்காதே, மூடி வை.
கண்ணருகே வந்திருந்தால்
நடுச்சாமமென்றும் பாராமல் ஓடியிருக்க வேண்டும்.
பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்:
"பக்கத்தில் கர்ப்பிணி யாரும்?"

ருஷ்தா.
ஒரே மேசை. ஏழாம் மாதம்.
அக்கி அக்கியாய்த் தொற்றாது,
அதன் நீர் பட்டால்
வராதவர்க்கு வருவது கொப்புளிப்பான்.
ஆட்டோவுக்குள்ளிருந்தே கோல் எடுத்தேன்.
காலி வீதி முழுக்க ஹோர்ன்.
"எனக்கு ஆறு வயசுல வந்திச்சே,
மூக்குல குழி ஒண்டு ஈக்கிது, பாத்தில்லயா?"
மூன்று வருடம் பக்கத்திலிருந்தும் நான் பார்க்கவில்லை.
"டொக்டரிட்ட எதுக்கும் கேட்டுக்கொள்றன்.
குளிச எத்தன நேரம்?"
ஐந்து என்றேன்.
"அப்ப நீங்களும் அஞ்சு நேரமாகிட்டீங்க!"
சிரித்தால் விலா எரியும். சிரித்தேன்.

பொருக்கு உதிர்ந்தது, வலி உதிரவில்லை.
மின்விசிறிக் காற்றுப் பட்டாலும்
மணல்தாள் தேய்த்ததுபோல்.
இரவுக்கு வேறொரு குளிசை.
இப்படிச் சிலருக்கு மாதக்கணக்கில் நீளுமாம்.

ஐம்பது தாண்டினவர்களுக்கு ஊசி இருக்கிறதாம், வராமல் தடுக்க.
அதற்கும் இரண்டு தவணை.
விலை கேட்டால் ஒருமுறை உட்காரத்தான் வேண்டும்.
பெயரை எழுதி இரத்தினேஸ்வரியிடம் கொடுத்தேன்.
"காவிக்காரன் இதிலை நூறிலை ஒண்டுதான் எடுப்பான்," என்றாள்.
துண்டை மடித்துப் பேர்சுக்குள் வைத்ததையும் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு சாட்சி, மீன் சந்தைக்காரர்,
கூண்டில் நின்று தோளைத் தொட்டுக் காட்டினார்:
"இன்னும் எரியுது ஐயா."
சிங்களம் நாவில் ஆயத்தமாய் இருந்தது.
நீதவான் நிமிர்ந்து பார்த்தார்.
மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்கக் கூடாது,
சட்டம் அது.

"எப்பிடி எரியுது?" என்று கேட்டேன்.