மறு

செகெட் நகரில், திஸ்ஸா ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
நிலவறை ஆய்வகம். பிப்ரவரி.
அலுமினியத் தாள் சுற்றிய எஃகுக் கலம்
அடுப்புக்குக் காத்திருக்கும் வாத்துபோல் கிடந்தது.
இரண்டு நாள் சுட்டார்கள்.
சுவரைப் பற்றியிருந்த கடைசி ஈரமும்
பம்பின் தொண்டையில் இறங்கியது.

உள்ளே கம்பியில் தொங்குகிறது
கட்டைவிரல் நகத்தளவு வெள்ளி,
ஒற்றைப் படிகம்.

போக்லார்கா அதைத் துலக்குகிறாள்.
புளியும் சாம்பலும் அல்ல,
ஆர்கான் அயனிகள். அரைமணி அடி,
அப்புறம் சூடு. அடி. சூடு.
அடித்த பள்ளங்களை வெப்பம் ஆற்றும்,
அணுக்கள் ஊர்ந்துபோய்த் தத்தம் வரிசையில் நிற்கும்.
கந்தகம் போயிற்று, கார்பன் போயிற்று,
மூன்று வாரத்தில் அவள் தூக்கமும் போயிற்று.

வெள்ளிக்கு ஏற்ற கிழமைதான்:
அன்று மாலை மெத்தனால் விட்டாள்,
ஒரு மூச்சில் கோடியில் ஒரு பங்கு.
நூறு கெல்வின் குளிரில் வந்து படிந்தது.
மெல்லச் சூடேற்றினாள்.
நூற்றெண்பதைத் தாண்டும்போது எழுந்து போய்விட்டது,
வந்தது வந்தபடியே.
நிறைமானித் திரையில் முப்பத்தொன்றில் ஒரு மேடு.
அவள் தேடிய முப்பதில்
அந்த மேட்டின் நிழல் மட்டும்.
விருந்தாளியின் சட்டைப் பொத்தானைக்கூட
வெள்ளி தொடவில்லை.
மறு இல்லாதது
மறுத்துவிட்டது.

திங்கட்கிழமை ஷோம்போர்
ஆக்சிஜன் வால்வைச் சரியாக மூடாமல் போய்விட்டான்.
அழுத்தமானி ஏறியிருப்பதைப் பார்த்ததும்
நடைவழி முழுக்கக் கேட்கும்படி போனில் கத்தினாள்.
மூன்று வாரம், ஷோம்போர்! மூன்று வாரம்!
அவன் ஏதோ சொல்ல வந்தான்.
துண்டித்துவிட்டாள்.

பாழானதைப் பதிவு செய்யவாவது
ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று
வன்மத்தோடுதான் மெத்தனாலைத் திறந்தாள்.

நூற்றெண்பதில் எல்லாம் எழுந்து போகவில்லை.
கொஞ்சம் தங்கிவிட்டது.
வெள்ளிமேல் வரிசை வரிசையாக
ஆக்சிஜன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது,
வருகிறவனிடம் ஒரு ஹைட்ரஜனைக் கேட்டு வாங்கியது.
மிச்சம் ஒற்றைக்காலில் நின்றது,
கார்பன் மேலே, ஆக்சிஜன் கீழே,
அறையின் வெப்பம் வரும்வரை.
முந்நூறில் இன்னொரு ஹைட்ரஜனும் கழன்றது.
முப்பதில், முதல்முறையாக,
மேடு.
ஃபார்மால்டிஹைடு.

அவள் உட்கார்ந்தாள்.
இழுப்பறையில் யாரோ வைத்த பாலிங்கா.
அதில் ஒரு கார்பன் கூட, கல்யாணப் பந்திக்கு ஆகும்.
ஒன்று குறைந்தால் கண் போகும்.
இதோ திரையில் தெரிகிற இதே களவை
ஈரலுக்குள் துத்தநாகம் செய்யும்:
அங்கேயும் ஹைட்ரஜன், அங்கேயும் ஃபார்மால்டிஹைடு.
விஷம் குடித்தவனுக்கு நல்ல சாராயமே மருந்தாவது
இருக்கிற ஒரே நாற்காலியில் அது முந்தி உட்காருவதால்.
அவள் குடிக்கவில்லை. மூடியைத் திருகி வைத்தாள்,
இறுக்கமாக, பழக்கத்தில்.

குறிப்பேட்டில் காலையில் எழுதியிருந்தாள்:
"கசிவு. ஷோம்போர்."
அடித்தாள். மேலே எழுதினாள்:
"ஆக்சிஜன், அளவு தெரியவில்லை. மறுபடி."
அளவு தெரியாமல் மறுபடி ஏது?
குறைந்தால் வெள்ளி பழையபடி மறுக்கும்.
கூடினால் எல்லாம் எரிந்து கரியமில வாயுவாகும்.
இடையில் எங்கோ அவன் விட்டுப்போன அந்தத் திருகு.

இரவு பதினொன்றுக்கு அவன் எண்ணை அழுத்தினாள்.
மன்னிப்பு வாயில் வரவில்லை, கேள்விதான் வந்தது:
எவ்வளவு திறந்திருந்தது?

கால் திருகு. அதற்கும் குறைவு.
பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், ஓடினேன்.
பின்னால் ஒரு குழந்தை இருமியது.
இப்போது முப்பத்தெட்டு, என்றான்.

முப்பத்தெட்டில் என்ன மேடு என்று
ஒரு கணம் அவள் திரையைப் பார்த்தாள்.