நாற்பத்தெட்டாம் மணி

விடியற்காலை நாலரை, கரிமேடு.
வஞ்சிரத்துக்கு விலை பேசுகிறவர்கள் நடுவே
கழித்துப் போட்ட இறால் ஓடு கேட்டு நிற்பவள்
நான் ஒருத்திதான்.
"கோழித் தீவனமா?" என்றார் மரியதங்கம், முதல் தடவை.
மருந்துக்கு என்றேன்.
அதன்பிறகு காசு வாங்குவதில்லை.

அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கி
காரத்தில் வேகவைத்து
மூன்றாம் நாள் மிஞ்சுவது வெள்ளைச் செதில்,
கைட்டோசான்.
விடுதியில் என் துணிகளுக்குத் தனிக் கொடி.

அதை உருண்டை பிடிக்கவேண்டும்,
ஒரு தலைமுடியின் குறுக்கே நானூறு அடுக்குகிற மாதிரி.
உள்ளே சிவப்பு மருந்து.
ரத்தத்தில் போகையில் வாய் திறக்கக் கூடாது.
கட்டி இருக்கும் இடம் கொஞ்சம் புளிப்பு;
அந்தப் புளிப்புப் பட்டதும் நெகிழ்ந்து
மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்து
தானும் இல்லாமல் போகவேண்டும்.

உடையாத ஒன்றைச் செய்துவிடலாம்.
சொன்ன நேரத்துக்குக் கெட்டுப்போகிற ஒன்றுக்காக
இரண்டரை வருடமாகக் கிடக்கிறேன்.

பெரியார் நிலையத்துக்குள் பஸ் திரும்புமுன்னே
குதித்து இறங்குகிறவர்களைப் போல
முதல் மணி நேரத்திலேயே மருந்து மொத்தமும் வெளியே.
பிணைப்பை இறுக்கினால்
ஒரு வாரமானாலும் திறக்காத கல்.

போன ஆவணியில்
பையின் வாயைக் கட்டிக்கொண்டே மரியதங்கம் கேட்டார்:
"நீ செய்யுற மருந்து செவப்பா?
எந்தம்பி பொண்டாட்டிக்குப் பெரியாஸ்பத்திரில
நாலு தடவ ஏத்துனாங்க.
ஒண்ணுக்குப் போனாக்கூடச் செவப்பு, பயந்துட்டா.
முடி கொட்டுனதுக்கு அழுகல.
அயிரக் கொழம்பு வாயில வச்சா
தகரத்த நக்குன மாதிரி இருக்குன்னு அழுதா."

என் உருண்டை இன்னும் எலிவரைக்கும்கூடப் போகவில்லை
என்று நான் சொல்லவில்லை.
அவர் இருக்கிறாரா என்று கேட்கவுமில்லை.

இந்த முறை வெள்ளி விடியலில் ஆரம்பித்தேன்.
சவ்வுப்பை இரண்டு:
ஏழு புள்ளி நாலில் ஒன்று, ஆறரையில் ஒன்று.
முப்பத்தேழு டிகிரியில் தொட்டி தளும்புகிறது.
சனி மத்தியானம் மின்சாரம் போய்
ஜெனரேட்டர் எடுக்கும்வரை
கையால் மூடியை அழுத்திப் பிடித்திருந்தேன்,
என்னவோ என் கைச்சூடு போதும் என்பதுபோல.

பன்னிரண்டாம் மணி: புளிப்புக் குடுவையில்
ரோஜாப்பூ கழுவிய நீரின் நிறம்.
மற்றதில் தண்ணீர்.
இருபத்துநாலு: இன்னும் கொஞ்சம்.
மற்றதில், உற்றுப் பார்த்தால்,
இல்லை, கண் அசதி.

இப்போது ஞாயிறு. நாகமலைக்குப் பின்னால் இன்னும் இருட்டு.
கரிமேட்டில் கூட்டம் நெரியும்,
எனக்கான பையை எடுத்து வைத்திருப்பார்.

குடுவையைக் குழல்விளக்குக்கு எதிரே பிடிக்கிறேன்.
சிவப்பு கூடியிருக்கிறது.
முழுசாக இல்லை, பாதிக்குச் சற்று மேல்.
மற்றதிலும் ஒரு சாயல், இந்த முறை அசதியில்லை.
இரண்டையும் எண்ணாக்கி நோட்டில் எழுதுகிறேன்.
பேனா பிடித்த விரலில்
இறால் வாடை.